அம்மிச்சியைச் சன்னலோரம் உட்கார வையுங்கள்

கோபி பக்கமிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார்:

“அண்ணா, வணக்கமுங்க. தோட்டத்துச் சாளையில் எங்கள் வீடு. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் டிசைன் பார்க்கிறேன், ஆயில் பெயின்டிங் நானாகவே கற்றுக்கொண்டது. வருகிற மாசியில் என் அம்மிச்சிக்கு, அம்மாவின் அம்மாவுக்கு, எண்பது முடிகிறது, அதற்குள் அவரைப் பெரிதாக ஒரு படம் வரைந்து வீட்டில் மாட்ட ஆசை. மத்தியானம் திண்ணையில் உட்கார வைத்து ஃபிளாஷ் போடாமல் மொபைலில் ஒரு போட்டோ எடுத்து, அதைப் பார்த்து 24க்கு 36 இஞ்ச் கேன்வாஸில் வரைந்தேன். இரண்டையும் அனுப்பியிருக்கிறேன். முகம் சப்பையாக இருக்கிறது. நெகமம் சேலை தகரத்தை வளைத்து வைத்த மாதிரி இருக்கிறது. ரேஷன் கார்டு போட்டோவைப் பெரிசு பண்ணின மாதிரி இருக்குது என்று தம்பி சிரிக்கிறான். வடக்குச் சன்னல் வெளிச்சம்தான் வேண்டும் என்கிறார்கள், எங்கள் வீட்டில் வடக்கே மாடு கட்டுகிற கட்டுத்தரை. முகம், சேலை, படத்தின் அமைப்பு மூன்றையும் எப்படிச் சரிசெய்வது? இன்னொன்று, உட்காரச் சொன்னால் அம்மிச்சி பத்து நிமிடத்தில் தூங்கிவிடுகிறார்.”

அம்மணி, முதலில் ஒன்று: ஜாடை வந்துவிட்டது. நான் போட்டோவைத் திறக்காமல் படத்தைத்தான் முதலில் பார்த்தேன், அப்புறம் போட்டோவைத் திறந்ததும் ‘ஆமாம், இந்த அம்மாதான்’ என்று தோன்றியது. இடது புருவம் ஒரு நூல் தூக்கியிருப்பதையும், பல் போன பக்கம் உதடு உள்வாங்கியிருப்பதையும் பிடித்திருக்கிறீர்கள். இது இருந்தால் மற்றதைச் சரிசெய்துகொள்ளலாம். இது மட்டும் இல்லாமல் மற்றதெல்லாம் இருக்கிற படங்கள் நம் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் நிறையவே தொங்குகின்றன.

தம்பி சொன்னதும் தப்பில்லை. ஆனால் நீங்கள் மூன்றாகக் கேட்டதை நான் ஒன்றாகத்தான் பார்க்கிறேன். முகம் சப்பையானதற்கும், சேலை தகரமானதற்கும், படம் ரேஷன் கார்டு ஆனதற்கும் காரணம் அந்த மத்தியானத் திண்ணை. ஃபிளாஷ் போடவில்லை, சரி. திண்ணைக்கு எதிரே என்ன இருக்கிறது? வெயில் கொளுத்துகிற வாசல். அவ்வளவு பெரிய வாசலும் சேர்ந்து ஒரே விளக்காகி முகத்துக்கு நேராக வெளிச்சத்தைக் கொட்டுகிறது, மேலே இருந்து வானம், கீழே இருந்து தரை. மூக்குக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே வெளிச்சம் என்றால் மூக்கு எங்கிருந்து எழும்பும்? மிச்சம் மீதி இருந்த இருட்டையும் மொபைல் தானாகவே தூக்கி வெளுப்பாக்கிவிடும், அதுகளுக்கு இருட்டு என்றாலே ஆகாது.

படத்தில் தாடைக்குக் கீழே செங்கல் நிறம் அடித்திருக்கிறீர்கள். கலவை தப்பிப்போய்விட்டதோ என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. திண்ணைத் தரை சிவப்பு ஆக்ஸைடு, வெயில் பட்டு அதன் சிவப்பு தாடைக்கு அடியில் ஏறியிருக்கிறது, போட்டோவிலும் இருக்கிறது, பாருங்கள். கண் சரியாகத்தான் வேலை செய்கிறது. வெளிச்சம்தான் உங்களுக்கு உதவவில்லை.

வடக்குச் சன்னல் கதையைச் சொல்கிறேன். ஐரோப்பாவில் ஓவியர்கள் வடக்குச் சன்னலைத் தேடினார்கள், காரணம் எளிது. அந்த ஊர்களில், கோடையின் அதிகாலையும் அந்தியும் தவிர, சூரியன் தெற்குப் பக்கமே சாய்ந்து போகும், ஆகவே வடக்குச் சன்னலில் வெயில் பெரும்பாலும் எட்டிப் பார்க்காது, வானத்தின் வெளிச்சம் மட்டும் காலையிலிருந்து மாலைவரை ஏறக்குறைய ஒரே சீராக வரும். நாம் இருப்பது 11 டிகிரி அட்சரேகையில். ஏப்ரல் 20 வாக்கில் நடுப்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்துவிடும், அதன் பிறகு ஆகஸ்ட் 23 வாக்கில் திரும்பி வரும்வரை உச்சி வெயில் வடக்கிலிருந்துதான். சித்திரையில் முதல் வாரம் முதல் ஆவணியில் முதல் வாரம் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையும் மாலையும் சேர்த்துப் பார்த்தால் இன்னும் மோசம், மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை சூரியன் கிழக்குக்குச் சற்று வடக்கே உதித்து, மேற்குக்குச் சற்று வடக்கே மறைகிறது.

இது எனக்குப் புத்தகத்தில் தெரியவில்லை, பட்டுத்தான் தெரிந்தது. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தொட்டிக்கட்டு வீட்டில் பெரிய அம்மா ஒருவரை வரையக் கூப்பிட்டிருந்தார்கள், வைகாசி மாதம். நான் பெரிய ஓவியன் மாதிரி வடக்குச் சன்னல் அறைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். காலை எட்டு மணிக்கு வெயில் ஒரு கீற்றாகச் சாய்ந்து உள்ளே வந்து அவர் தோளில் விழுந்தது. பதினொன்றுக்கு அது போய்விட்டது. நடுப்பகலில் வெளியே இருந்த சிமென்ட் களம் வெயிலில் வெளுத்து, வெளிச்சத்தைக் கீழேயிருந்து மேலே அடித்தது, டார்ச்சைத் தாடைக்கு அடியில் பிடித்த மாதிரி. நான் மூன்றையும் ஒரே முகத்தில் வரைந்துகொண்டே போனேன். சாயங்காலம் வீட்டுக்காரர் வந்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “ஏனுங்க, அம்மா மூக்குக்கு ரெண்டு பக்கமும் நெழல் இருக்குதுங்களே?” என்றார். அவர் தேங்காய் வியாபாரி. அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

ஆக, கட்டுத்தரையை இடிக்க வேண்டாம். நம் ஊருக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது: கிழக்குச் சன்னல் என்றால் மத்தியானத்துக்கு மேல், மேற்குச் சன்னல் என்றால் காலையில். வெயில் வீட்டின் மறுபக்கம் போயிருக்கும், இந்தச் சன்னலில் வெறும் வானத்து வெளிச்சம் இருக்கும். ஒரே நேரத்தில், ஒன்றரையிலிருந்து மூன்றரை வரை என்று வைத்துக்கொண்டு, தினமும் அந்த நேரத்துக்கு மட்டும் வரையுங்கள். எதிரே வெள்ளைச் சுவரோ களமோ இருந்து கண் கூசினால் பழைய நாலு முழ வேட்டி ஒன்றைச் சன்னலுக்குக் குறுக்கே ஒற்றையாகக் கட்டுங்கள், வெளிச்சம் பரவிச் சாந்தமாகிவிடும். இப்போது ஐப்பசி, மேகம் மூடின நாட்கள் வரும். மழை என்று சலித்துக்கொள்ளாதீர்கள், அந்த நாட்களில் வரைய உட்காருங்கள்.

அடுத்து சன்னலின் கீழ்ப்பாதி. அதை அட்டையோ போர்வையோ வைத்து, உட்கார்ந்திருப்பவரின் தோள் உயரம் வரை மூடிவிடுங்கள். வெளிச்சம் அப்போதுதான் மேலேயிருந்து சாய்ந்து வரும், நெற்றியிலும் கன்னத்து எலும்பிலும் மூக்குத் தண்டிலும் உட்காரும், கண்குழிக்குள்ளும் கொஞ்சம் போகும். சன்னலிலிருந்து மூன்று நாலு அடி தள்ளி, முகத்துக்குச் சற்று முன்னால் சன்னல் இருக்கிற மாதிரி நாற்காலியைப் போடுங்கள். சன்னலுக்கு நேர் பக்கத்தில் போட்டால் முகம் பாதி வெள்ளை, பாதி கரி. ட்யூப்லைட்டை அணையுங்கள், எதிர்க் கதவைச் சாத்துங்கள். தரை சிவப்பு ஆக்ஸைடு என்றால் ஒரு சாம்பல் நிறக் கம்பளியை விரித்துவிடுங்கள். தூர இருக்கிற கன்னத்தில், கண்ணுக்குக் கீழே, சின்னதாக ஒரு முக்கோண வெளிச்சம் விழுகிறதா என்று பார்த்து, விழும்வரை நாற்காலியைத் திருப்புங்கள். ரெம்ப்ராண்ட் வெளிச்சம் என்று போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் சொல்வது இதைத்தான். எண்பது வயது முகத்துக்கு அதைவிட நல்லது எனக்குத் தெரியாது, சுருக்கத்தை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டாமல் முகத்தின் அமைப்பைக் காட்டும்.

அம்மிச்சியைக் கூப்பிடுவதற்கு முன்னால் அந்த நாற்காலியில் ஒரு தட்டு வைத்து அதில் நாட்டுக்கோழி முட்டை ஒன்றை வையுங்கள். வெள்ளை முட்டை வேண்டாம், அந்தப் பழுப்பு முட்டைதான் நம் தோல் நிறத்துக்குப் பக்கம். கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். சன்னல் பக்கம் வெளிச்சம், அது மெள்ள மெள்ள மங்கி ஒரு இடத்தில் இருட்டாகும். ரொம்ப இருட்டான இடம் முட்டையின் கடைசி ஓரம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம், பார்த்தால் அப்படி இல்லை. வெளிச்சம் முடிந்து நிழல் தொடங்குகிற வளைவில்தான் இருட்டு அதிகம், அதைத் தாண்டி ஓரத்துக்குப் போகும்போது தட்டிலிருந்து திரும்பி வருகிற வெளிச்சம் பட்டு நிழல் லேசாகத் தெளியும். தட்டில் விழுந்த நிழலோ முட்டைக்குப் பக்கத்தில் கத்தியால் வெட்டினது போலவும், தள்ளிப் போகப் போகப் பஞ்சு மாதிரியும் இருக்கும். இந்த முட்டையை அரை மணி நேரம் கரியில் வரைந்துவிட்டு முகத்துக்குப் போங்கள். நெற்றி ஒரு முட்டை, கன்னம் ஒரு முட்டை, தாடை ஒரு சின்ன முட்டை. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: நிழலுக்குள் திரும்பி வரும் வெளிச்சம் எவ்வளவு பளிச்சென்று தெரிந்தாலும் வெளிச்சப் பக்கத்தின் மங்கலான இடத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அதை ஏற்றிவிட்டால் முகம் பலூன் ஆகிவிடும். உங்கள் படத்தில் இடது தாடையில் ஆகியிருக்கிறது.

நிறத்தைப் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கடையில் தோல் நிறம் என்று ட்யூபில் விற்கிற ரோஸ் சமாச்சாரத்தைத் தூக்கி வைத்துவிடுங்கள், அது நம் ஆட்களுக்குச் செய்ததில்லை. யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, அல்ட்ராமரைன், அலிஸரின், டைட்டானியம் வொயிட், இந்த ஐந்தும் போதும். மாநிறத் தோலில் நெற்றி, மூக்கு நுனி மேல் விழும் பளபளப்பு சன்னல் வானத்தின் நிறம், அதாவது கொஞ்சம் நீலம் கலந்த சாம்பல். அங்கே வெறும் வெள்ளையை வைத்தால் எண்ணெய் வழிகிற மாதிரி ஆகும். சன்னல் வெளிச்சம் குளிர்ந்தது என்பதால் நிழல் சூடாக, பர்ன்ட் சியன்னா பக்கம் சாய்ந்து தெரியும், பல்பு வெளிச்சம் என்றால் இதற்கு நேர் தலைகீழ். அம்மிச்சி மஞ்சள் தேய்த்துக் குளிக்கிறவர் என்று போட்டோவிலேயே தெரிகிறது, கன்னத்து வெளிச்சத்தில் ஓக்கரைக் கொஞ்சம் தாராளமாகவே விடுங்கள். வேலை முடிந்து ராத்திரி வரைகிறீர்கள் என்றால் கோட்டு வேலையை மட்டும் ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள், நிறம் கலப்பதை ஞாயிற்றுக்கிழமைப் பகலுக்குத் தள்ளுங்கள். முடியாது என்றால் 5000 கெல்வின், சி.ஆர்.ஐ. 90க்கு மேல் என்று டப்பாவில் போட்டிருக்கிற எல்.இ.டி. ஒன்றை வாங்கிக் கேன்வாஸுக்கு மேலே மாட்டுங்கள், நிறம் ஏறக்குறையப் பகலில் தெரிகிற மாதிரியே தெரியும்.

இனி சேலை. இதைப் பற்றி எனக்கு வாய் ஓயாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தகரமாகத் தெரிவதற்குக் காரணம் உங்கள் மடிப்பு தப்பாக இருப்பதில்லை. ஒவ்வொரு மடிப்பின் முகட்டிலும் வெள்ளைக் கோடு இழுத்து, அதன் இரண்டு பக்கத்தையும் கூராக முடித்திருக்கிறீர்கள். மினுங்குகிற பொருளுக்குத்தான் அப்படி ஒடுங்கிய, கூரான வெளிச்சம் வரும். தகரம், எவர்சில்வர், கொஞ்சம் அடக்கமாகப் பட்டு. நெகமம் சேலை பருத்தி. பருத்தி வெளிச்சத்தைக் குடித்துவிடும், அதன் வெளிச்சப் பகுதி அகலமாக, மந்தமாக இருக்கும், பளிச்சென்று ஒரு புள்ளிகூட இருக்காது. மடிப்பில் ஒரு ஓரம்தான் கூராக இருக்கும், துணி மடங்கிப் பக்கத்துத் துணிமேல் நிழல் போடுகிற ஓரம். மறு ஓரம் மெள்ளத் திரும்பிப் போகும். அதைக் காய்ந்த பிரஷ்ஷால் ஒருமுறை தடவிக் கலைத்துவிடுங்கள். இந்த ஒன்றைச் செய்தாலே பாதித் தகரம் துணியாகிவிடும்.

இன்னொன்று, அரக்கு நிறத்தை வெளிச்சமாக்க வெள்ளையைச் சேர்த்திருக்கிறீர்கள். அரக்கில் வெள்ளை விழுந்தால் ரோஸ் பவுடர் பூசின மாதிரி வெளுத்துவிடும். வெளிச்சத்தை வெள்ளையால் ஏற்றாமல் சிவப்பாலும் ஓக்கராலும் ஏற்றுங்கள், கடைசியில் ஒரு சிட்டிகை வெள்ளை போதும். நிழலுக்கு அலிஸரினோடு பர்ன்ட் அம்பரும் அல்ட்ராமரைனும். திருப்பூரில் நாள் முழுக்கச் சாயம் போட்ட துணியைத்தான் பார்க்கிறீர்கள், ஒரு பனியன் துணியைச் சன்னலோரம் தொங்கவிட்டால் வெளிச்சத்தில் எந்த நிறம் எங்கே போகிறது என்று என்னைவிட நீங்களே நன்றாகச் சொல்வீர்கள்.

கட்டத்துக்கு வருவோம். சேலையில் கட்டம் இருப்பது கஷ்டம் என்று நினைத்து அளவுகோலால் இழுத்திருக்கிறீர்கள், கிராஃப் தாளை ஒட்டின மாதிரி நிற்கிறது. உண்மையில் கட்டம் உங்களுக்குக் கிடைத்த இலவச உதவி. துணி எங்கே மேடு, எங்கே பள்ளம், எங்கே திரும்புகிறது என்று அது கோடு போட்டே காட்டும். முதலில் கட்டத்தை மறந்துவிட்டு வெறும் அரக்குத் துணியாக வரையுங்கள். வெளிச்சம், நடு, இருட்டு என்று வடிவம் எழுந்து, பெயின்ட் காய்ந்த பிறகு மெல்லிய பிரஷ்ஷால் கோடுகளை ஓட்டுங்கள். முகட்டில் கட்டம் அகலமாக இருக்கும். துணி நம்மைவிட்டுத் திரும்பும் இடத்தில் நெருங்கி ஒடுங்கும். பள்ளத்துக்குள் இறங்கினால் காணாமல் போய், மறுபக்கம் வெளியே வரும்போது விட்ட இடத்துக்கு நேராக வராது, ஒரு விரல் தள்ளி வரும். அந்தத் தள்ளலை வரைந்துவிட்டால் உள்ளே எவ்வளவு துணி மடிந்து கிடக்கிறது என்பதைப் பார்க்கிறவர் கண் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். கோட்டு நிறமும் நிழலுக்குள் போனால் இருட்ட வேண்டும், நீங்கள் முழுக்க ஒரே கடுகு மஞ்சளை ஓட்டியிருக்கிறீர்கள். கரைக்கும் இதே கதைதான். பின்கொசுவம் வைத்துக் கட்டியிருக்கிறார் என்பதால் இடுப்பைச் சுற்றி வருகிற கரை ஒரு ரிப்பன் போல உடம்பைச் சுற்றிக் காட்டும், அதைத் தொலைத்துவிட வேண்டாம்.

மடிப்புகள் சும்மா வருவதில்லை, எதையோ பிடித்துத் தொங்குகின்றன. தோளிலிருந்து விழும் முந்தானை குழாய் குழாயாக இறங்கும். உட்கார்ந்தவரின் இரண்டு முழங்காலுக்கு நடுவே துணி குழந்தையின் தூளி மாதிரி தொய்யும். முழங்கை மடக்கில் குறுக்கும் நெடுக்குமாக நொறுங்கும். துணி எந்த எலும்பில் மாட்டியிருக்கிறது என்று கேட்டுக்கொண்டே வரையுங்கள், பதில் தெரியாத மடிப்பை அழித்துவிடுங்கள். உங்கள் படத்தில் நான் இருபத்துமூன்று மடிப்பு எண்ணினேன். ஆறு ஏழு போதும். தோளில் தொடங்கிக் கைக்கு இறங்குகிறது, அல்லது மடியிலிருந்து கண்ணை மேலே முகத்துக்குக் கூட்டிப்போகிறது, அப்படி உள்ளவை மட்டும் இருக்கட்டும். நிழல் பக்கத்து மடிப்புகளை ஒரே இருட்டாக விழுங்கிவிடுங்கள்.

அம்மிச்சி எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் எல்லா மடிப்பும் போய்விடும், அது எல்லாருக்கும் உள்ள தொல்லை. லியனார்டோ டா வின்சி மண்கரைசலில் தோய்த்த துணியைக் களிமண் உருவத்தின் மேல் போர்த்தி, அசையாமல் விறைத்த பிறகு நிதானமாக வரைந்து பழகினார் என்று சொல்வார்கள். நமக்கு மண் எதற்கு, கஞ்சி இருக்கிறது. அதே சேலையைக் கெட்டிக் கஞ்சி போட்டு, அரை ஈரத்தில் ஒரு நாற்காலியில் தலையணை வைத்து அதன்மேல் போர்த்தி, அம்மிச்சி உட்கார்ந்தபோது எடுத்த போட்டோவைப் பார்த்து மடிப்பைச் சரிசெய்து காயவிடுங்கள். ஒரு வாரம் அப்படியே நிற்கும், யாரும் தொடாமல் இருந்தால். வீட்டில் பூனை உண்டா?

ரவிவர்மாவை அச்சில்தான் பார்த்திருப்பீர்கள், காலண்டரில். ஒரு விடுமுறைக்குத் திருவனந்தபுரம் போய் மியூசியம் வளாகத்து ஆர்ட் கேலரியில் மூலப் படங்களைப் பாருங்கள். அவரும் ஆயில் பெயின்டிங்கைப் பெரும்பாலும் பார்த்தே பழகியவர்தான், 1868ல் திருவிதாங்கூர் அரண்மனைக்கு வந்த தியோடர் ஜென்சன் என்கிற ஐரோப்பிய ஓவியர் வரைவதைப் பக்கத்தில் நின்று கவனித்திருக்கிறார். சரிகையைக் கிட்டப்போய்ப் பாருங்கள். தங்க நிறம் என்று தனியாக எதுவும் இல்லை, பழுப்பு, ஓக்கர், மேலே வெளிர் மஞ்சளில் சில தட்டுகள், அவ்வளவே. அதைப் பார்த்தபிறகு தங்கப் பவுடர் டப்பாவைக் கையால் தொடமாட்டீர்கள். நகைக்கும் அதேதான். வீட்டில் உள்ளவர்கள், ‘சங்கிலி எட்டுப் பவுனுங்க, முழுசாத் தெரியோணும்’ என்று நிற்பார்கள், நான் பலமுறை மாட்டியிருக்கிறேன். மூக்குத்திக்கு ஒரு புள்ளி, சங்கிலியில் வெளிச்சம் படுகிற நாலு கண்ணி, மீதியை நிழலில் விடுங்கள். கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

அமைப்பைப் பற்றி. நான் ஈரோட்டில் சினிமா பேனர் எழுதப் போனவன், ஃபிளெக்ஸ் வந்து அந்தத் தொழில் படுத்த பிறகுதான் வீட்டுப் படங்களுக்கு வந்தேன். பேனரில் கற்ற ஒன்று இன்றைக்கும் சோறு போடுகிறது: மூன்றே டோன். பஸ்ஸில் போகிறவனுக்கு ஒரு பார்வையில் தெரிய வேண்டும், அதனால் வெளிச்சம், நடு, இருட்டு மூன்றுக்குள் முழுப் படமும் அடங்கியாக வேண்டும். கேன்வாஸைத் தொடுவதற்கு முன்னால் போஸ்ட்கார்டு அளவில் இப்படி ஆறு சின்னப் படம் போடுங்கள், கண் மூக்கு எதுவும் வேண்டாம், மூன்று திட்டுகள் மட்டும். அம்மிச்சிக்கு நரைத்த தலை. சுண்ணாம்புச் சுவருக்கு முன்னால் உட்கார வைத்ததால் தலைமுடி சுவரோடு போய்விட்டது, அரக்குச் சேலை மட்டும் நடுவில் ஒரு பெரிய இருட்டுத் திட்டாக நிற்கிறது. கண் முகத்துக்குப் போகாமல் வயிற்றுக்குப் போகிறது. பின்னணி இருட்டானால் நரை முடிதான் படத்திலேயே பிரகாசமான இடம், சேலை இருட்டோடு பாதி கலந்துவிடும், முகமும் கையும் மட்டும் மேலே வரும். பின்னணியைக்கூட ஒரே இருட்டாக அடிக்காதீர்கள், வெளிச்சம் பட்ட கன்னத்துக்குப் பின்னால் கொஞ்சம் அதிக இருட்டு, நிழல் கன்னத்துக்குப் பின்னால் கொஞ்சம் தெளிவு.

உங்கள் படத்தில் தலையிலிருந்து ஒரு தூண் முளைத்திருக்கிறது, பக்கத்தில் காலண்டர், கீழே பவானி ஜமுக்காளம். ஜமுக்காளத்தின் பட்டைக் கோடும் சேலையின் கட்டமும் பக்கத்தில் வந்தால் இரண்டும் சண்டை போடும், முகம் நடுவில் மாட்டிக்கொள்ளும். ஒன்றை எடுங்கள், ஜமுக்காளத்தை. முகத்தை 11 இஞ்சுக்கு வரைந்திருக்கிறீர்கள், மனிதத் தலை உச்சியிலிருந்து தாடை வரை சுமார் 9 இஞ்ச்தான். ஆளைவிடப் பெரிய முகம் வீட்டுச் சுவரில் தேர்தல் பேனர் மாதிரி முறைக்கும். ஏழரைக்குக் கொண்டுவாருங்கள், மேலே நாலு இஞ்ச் விடுங்கள், மடியும் கையும் உள்ளே வரும். அடியில் முழங்கால் மூட்டிலேயே வெட்டாமல் அதற்குக் கொஞ்சம் முன்போ பின்போ வெட்டுங்கள். உடம்பைச் சன்னல் பக்கம் முக்கால் திருப்பி, முகத்தை மட்டும் உங்களை நோக்கி லேசாகத் திரும்பச் சொல்லுங்கள், தலை நடுக்கோட்டிலிருந்து இரண்டு விரல் விலகி இருக்கட்டும், பார்க்கிற பக்கம் இடம் கூடுதலாக. ரேஷன் கார்டு அதோடு ஒழிந்தது.

போட்டோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் மொபைலை மூன்றடியில் நீட்டி எடுத்தால் மூக்கு பெருத்துக் காது பின்னுக்குப் போய்விடும், எட்டடி தள்ளி நின்று 2எக்ஸ் போட்டு எடுங்கள். நாற்காலிக் கால்களைச் சுற்றியும் அவர் பாதத்தைச் சுற்றியும் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டால் மறுநாள் அதே இடம் கிடைக்கும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்கச் சொல்லுங்கள், எண்பது வயது.

தூக்கத்துக்கு வருகிறேன். சும்மா உட்காரச் சொன்னால் யார்தான் தூங்கமாட்டார்கள்? அந்த வயதுக்காரர்கள் சும்மா உட்கார்ந்ததே இல்லை, அதனால்தான் உங்கள் போட்டோவில் கை இரண்டும் என்ன செய்வது என்று தெரியாமல் முழங்காலில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மடியில் ஒரு முறத்தைக் கொடுத்துக் கடலக்காய் உரிக்கச் சொல்லுங்கள். கை தன் வேலையைச் செய்யும், முறம் கீழே ஒரு வெளிர் திட்டாக விழுந்து முகத்துக்குப் பதில் சொல்லும், இரண்டு முழங்காலுக்கு நடுவே சேலை அந்தத் தூளி மடிப்பில் தானாகவே தொய்யும். நடுவில் ஏதாவது பேச்சுக் கொடுங்கள். பேசும்போது நிமிர்ந்து பார்ப்பார் இல்லையா, அந்தத் திரும்பலைத்தான் நான் சொன்னேன்.

பழைய கேன்வாஸின் மேலேயே வரையாதீர்கள், அதை அப்படியே வைத்துக்கொண்டு புதியது எடுங்கள். மாசிக்கு இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் இருக்கிறது. வார்னிஷை மட்டும் விழாவுக்காக அவசரப்பட்டு அடிக்க வேண்டாம், தடித்த ஆயில் பெயின்ட் உள்ளே காய ஆறு மாதமாவது ஆகும், ஆடியில் அடித்துக்கொள்ளலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை வேட்டியைக் கட்டி, முட்டையை வைத்து, அப்புறம் அம்மிச்சியை உட்கார வைத்து ஒரு போட்டோ எடுங்கள். அதையும் அந்த ஆறு போஸ்ட்கார்டையும் பெயின்ட்டைத் திறப்பதற்கு முன்னால் எனக்கு அனுப்புங்கள்.